பாரி/ஜிபி: 293318625600 என்ற எண்ணைக் கொண்டு ஒரு மதிப்புரை

முழு எண்களின் இயல்புகளை ஆராய்வதற்கென்றே பிரான்சின் பொர்தோ பல்கலைக்கழகத்தில் 1980களில் ஆன்ரி கோஎனும் அவருடைய சகாக்களும் உருவாக்கத் தொடங்கிய மென்பொருள் பாரி/ஜிபி. இன்று கரீம் பெலாபாஸின் பொறுப்பில், பல தன்னார்வலர்களின் உழைப்பில் அது வளர்ந்துகொண்டிருக்கிறது. காசு கொடுக்க வேண்டியதில்லை. மூல நிரலும் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. ரீயூனியன் தீவின் சேன்த் ஆந்த்ரே நகரில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, குறிப்பாகப் பள்ளியின் கடைசி ஆண்டான தெர்மினால் வகுப்பில் 'மாத்தமாத்திக் எக்ஸ்பெர்த்' விருப்பப்பாடம் எடுத்தவர்களுக்கு வகுபடுதன்மையும் பகா எண்களும் மட்டுக் கணக்கும் (வகுத்து வரும் மீதியைக் கொண்டு செய்யும் கணக்கு) நடத்தும்போது, நான் தொடர்ந்து பயன்படுத்தி வருவது இதைத்தான். ரீயூனியனில் கணக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு தமிழ் வீட்டுக் கணினியிலும் இது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இத்தகைய மென்பொருளுக்கு நூற்றுக்கணக்கான கட்டளைகள் உண்டு என்று அடுக்குவதால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. ஒரே ஓர் எண்ணை எடுத்து, அதைப் பற்றி என்னென்ன கேட்கலாம், என்ன பதில் வருகிறது என்று காட்டுவதே பொருத்தமாக இருக்கும். நான் எடுத்துக்கொள்ளும் எண் 293318625600. நம் வழக்கில் சொன்னால் இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் இராமானுசன் ஒரு நீண்ட ஆய்வுக்கட்டுரை எழுதினார். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு அதிகமான வகுஎண்களை, அதாவது தன்னை மீதியின்றி வகுக்கும் எண்களை, கொண்ட எண்களைப் பற்றியது அது. இவற்றை மிகுபகு எண்கள் என்று சொல்லலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை தொடங்கும். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது இந்த ஆய்வுக்காகத்தான். அக்கட்டுரையில் கையால் கணக்கிட்டுத் தொகுத்த ஓர் அட்டவணை உண்டு. அது 10080 வகுஎண்கள் கொண்ட 6746328388800 வரை செல்கிறது. அத்தனை நீண்ட அட்டவணையில் இடம்பெற வேண்டியிருந்தும் விடுபட்டுப் போன ஓர் எண் இருக்கிறது. அதுதான் 293318625600.

மென்பொருளைத் திறந்ததும் ஒரு கேள்விக்குறி தோன்றி, நாம் தட்டச்சு செய்வதற்காகக் காத்திருக்கும். படங்களோ பொத்தான்களோ வண்ணமோ கிடையாது. முதலில் பார்க்கும் பிள்ளை சற்றுத் தயங்கத்தான் செய்யும். 'ஃபேக்டர்' என்ற கட்டளைக்குள் நம் எண்ணைக் கொடுத்தால், கண் இமைப்பதற்குள் இரண்டு நிரல்கள் வரும்: இடப்பக்கம் பகாக் காரணிகள், வலப்பக்கம் அவற்றின் அடுக்குகள். சேர்த்து எழுதினால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. வகுப்பில் இந்த இரு நிரல்களைக் கண்டவுடன் பிள்ளைகளிடம் வலப்பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழே படிக்கச் சொல்வேன்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1. எங்கும் ஏறாமல் இறங்கிக்கொண்டே வருகிறது. இடப்பக்கத்தில் 2 முதல் 19 வரை ஒரு பகா எண்கூட விடுபடவில்லை. மிகுபகு எண் எதற்கும் இந்த அமைப்பு இருந்தே தீர வேண்டும். ஏனெனில் 19 இருக்கும் இடத்தில் 23-ஐ வைத்தால் வகுஎண்களின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் பெரிதாகிவிடும். 2-இன் அடுக்கையும் 3-இன் அடுக்கையும் இடம் மாற்றினாலும் அதே கதைதான்.

அடுக்கு ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுஎண்களின் எண்ணிக்கை கிடைக்கும் என்பது பாடப்புத்தகத்திலேயே உள்ள செய்தி: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2, ஆக 5040. 'நம்டிவ்' கட்டளையும் அதையே சொல்கிறது. கையால் போட்டுப் பார்த்த பிறகே கட்டளையைத் தட்ட விடுவது என் வழக்கம். இந்த 5040 என்பதே 60 வகுஎண்கள் கொண்ட ஒரு மிகுபகு எண் என்பதையும், அது 7-இன் தொடர்பெருக்கம் (1 முதல் 7 வரை எல்லாவற்றையும் பெருக்கியது) என்பதையும் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். 'கோர்' என்ற கட்டளை, எண்ணிலுள்ள வர்க்கப் பகுதியை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கும். இங்கே மிச்சம் 46189, அதாவது 11 × 13 × 17 × 19. நீங்கிய பகுதி 2520-இன் வர்க்கம். 1 முதல் 10 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் 2520 என்பது தெரிந்தவர்களுக்கு இது மகிழ்ச்சியளிக்கும். நம் எண்ணோ 1 முதல் 22 வரை ஒவ்வொன்றாலும் மீதியின்றி வகுபடுகிறது. 23 தான் முதலில் தடுக்கிறது. அந்த 23-ஆல் இதைப் பெருக்கினால் கிடைப்பது 6746328388800, அதாவது இராமானுசனின் அட்டவணையில் கடைசியாக நிற்கும் எண். கடைசி எண்ணைக் கண்டுபிடித்தவரின் கையில் அதை 23-ஆல் வகுத்த எண் அகப்படாமல் போயிருக்கிறது. கணினி இல்லாத காலத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று இலக்க எண்களில் அந்த அட்டவணையைத் தொகுத்த உழைப்பின் அளவை எனக்கு உணர்த்தியது இந்த விடுபட்ட எண்தான்.

அட்டவணையில் இது சேர வேண்டியது என்பதை எப்படி நிறுவுவது? இந்த இடத்தில்தான் மென்பொருளின் உண்மையான மதிப்பு தெரிகிறது. அதன் எல்லையும் தெரிகிறது. 293318625600-க்குக் கீழே உள்ள எல்லா எண்களுக்கும் வகுஎண்களை எண்ணிப் பார்க்கலாம் என்று ஒரு மாணவன் சொன்னான். நொடிக்குப் பத்து லட்சம் எண்களை ஆராய்ந்தாலும் மூன்று நாட்களுக்கு மேல் ஆகும். ஆனால் மேலே சொன்ன அமைப்பு உள்ள எண்களை மட்டும், அதாவது 2-இல் தொடங்கி இடைவெளியின்றி வரும் பகா எண்களும் ஏறாத அடுக்குகளும் கொண்டவற்றை மட்டும் பார்த்தால் போதும் என்று முதலில் காகிதத்தில் நிறுவிக்கொண்டால், ஆராய வேண்டியவை மிகச் சிறிய கூட்டமாகச் சுருங்கிவிடும். ஜிபியின் சொந்த நிரல்மொழியில் சில வரிகள் எழுதினால் நொடிப்பொழுதில் முடிவு வந்துவிடுகிறது: இதற்குக் கீழே 5040 அல்லது அதற்கு மேற்பட்ட வகுஎண்கள் கொண்ட எண் எதுவும் இல்லை. மூன்று நாளை நொடியாக்கியது கணினியின் வேகம் அன்று, காகிதத்தில் எழுதிய அந்த நான்கு வரி வாதம். இதைப் பிள்ளைகளுக்குப் புரிய வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இனி எண்ணின் வகைப்பாடு. 'சிக்மா' என்ற கட்டளை வகுஎண்கள் அனைத்தின் கூட்டுத்தொகையைக் கொடுக்கும்: 1642243014720. எண்ணை அதிலிருந்து கழித்தால் எஞ்சுவது 1348924389120; அது எண்ணைவிடப் பெரியது என்பதால் நம் எண் மிகை எண் என்ற வகையில் சேர்கிறது. 6, 28, 496 போன்ற நிறைவெண்களில் இந்த எஞ்சிய தொகை எண்ணுக்கே சமமாக இருக்கும். இங்கே நான்கு மடங்கையும் தாண்டிவிட்டது. மொத்தத் தொகையை எண்ணால் வகுத்தால் 5.5988 வருகிறது. இந்த ஒரு விகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஆழமான இடத்துக்குப் போகலாம். 1984-இல் கி ரோபேன் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஒரு தேற்றத்தை வெளியிட்டார்: 5040-ஐவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் இந்த விகிதமானது, அந்த எண்ணின் இயல் மடக்கையின் மடக்கையை 1.78107 என்ற மாறிலியால் பெருக்கி வரும் தொகைக்குக் கீழேயே இருக்கும் என்பதும், பகா எண்களின் பரவலைப் பற்றிய ரீமான் கருதுகோள் உண்மை என்பதும் ஒன்றே. நம் எண்ணுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 5.830, விகிதம் 5.599 என்பதால் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஜிபியில் இது ஒரே வரி. இதனால் கருதுகோள் நிறுவப்பட்டுவிடாது என்றாலும், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் விடை காணாத ஒரு கேள்வியைப் பதினேழு வயதுப் பிள்ளை தன் விரலால் தொட்டுப் பார்க்கிறது. இதே ரோபேனும் ழான் லூயி நிக்கொலாவும் சேர்ந்துதான், இராமானுசனின் அந்தக் கட்டுரையில் 1915-இல் அச்சேறாமல் நின்ற பகுதியைக் குறிப்புகளுடன் 1997-இல் வெளியிட்டார்கள்.

இலக்கங்களைப் பற்றிய இயல்புகளுக்கு நான் அவ்வளவு மதிப்புத் தருவதில்லை. பத்தடிமானத்தை விட்டு வேறு அடிமானத்துக்குப் போனால் அவை மாறிவிடும். இருந்தாலும், நம் எண்ணின் இலக்கக் கூட்டுத்தொகை 45, எண் 45-ஆல் வகுபடும், ஆகவே தேவ்ளாலியில் வாழ்ந்த இந்தியக் கணித ஆர்வலர் காப்ரேக்கர் பெயரிட்ட ஹர்ஷத் எண்களில் இதுவும் ஒன்று என்பதைச் சிறு வகுப்புப் பிள்ளைகள் விரும்பிக் கேட்கிறார்கள். எண்ணைக் கொடுத்தால் இத்தகைய அடைமொழிகளை நீளமாகப் பட்டியலிடும் இணையதளங்கள் பல உள்ளன. அவற்றில் பட்டியல் கிடைக்கும், காரணம் கிடைக்காது. பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்கவும் வழியில்லை. ஜிபியில் நாமே ஒரு வகையை வரையறுத்து, அதில் எந்தெந்த எண்கள் சேரும் என்று தேடலாம்.

பகா எண்ணா என்று சோதிப்பதில் இம்மென்பொருள் காட்டும் நேர்மையைத் தனியே பாராட்ட வேண்டும். இதற்கு இரண்டு கட்டளைகள் தரப்பட்டுள்ளன. 'இஸ்சூடோபிரைம்' என்பது விரைவுச் சோதனை; 'இஸ்பிரைம்' என்பது நிறுவப்பட்ட விடை. இவ்விரண்டும் ஏன் தனித்தனியே தேவை என்பதற்கு 3215031751 என்ற எண்ணைக் காட்டுவேன். பகா எண்களை இனங்காணப் பயன்படும் வலுவான சோதனையை 2, 3, 5, 7 ஆகிய நான்கு அடிகளிலும் செய்து பார்த்தால் இது பகா எண் போலவே நடந்துகொள்ளும். ஆனால் உண்மையில் 151 × 751 × 28351. ஜிபியின் விரைவுச் சோதனை வேறொரு சோதனையையும் சேர்த்துக்கொண்டது என்பதால் இதனிடம் ஏமாறுவதில்லை. 2-இன் 64-ஆம் அடுக்கு வரை அது ஓர் இடத்திலும் தவறுவதில்லை என்பது முழுவதுமாகச் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேலே போகும்போது, விரைவா உறுதியா என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நம்மிடமே விட்டுவிடுகிறது. பெரிய பகா எண்ணுக்கு, மற்றவர்கள் சரிபார்க்கக்கூடிய சான்றையும் எழுதித் தரும்.

பகாக் காரணிப்படுத்துவதில் அதன் வலிமையைக் காண 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துக் கொடுங்கள். 147573952589676412927 என்று ஓர் இலக்கமும் குறையாமல் விரித்து எழுதி, 193707721 × 761838257287 என்று உடனே பிரித்துவிடும். இந்தப் பிரிப்பை அமெரிக்கக் கணிதவியலாளர் ஃபிராங்க் கோல் 1903-இல் கைக்கணக்கால் கண்டு அறிவித்தார். அறுபது இலக்கம் வரையுள்ள எண்களை வீட்டுக் கணினியே சிறிது பொறுமையோடு பிரித்துவிடுகிறது. அதன் பிறகு இலக்கங்கள் கூடக் கூடக் காத்திருக்கும் நேரம் விரைந்து ஏறும். 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் ஒன்றைப் பிரிப்பதற்கு, ஒற்றைச் செயலிக் கரு ஒன்றே செய்திருந்தால் சுமார் 2,700 ஆண்டுகள் பிடித்திருக்கும் அளவு கணிப்பு தேவைப்பட்டது. அந்த வேலையை ஜிபியிடம் எதிர்பார்க்க முடியாது. அதற்கென்றே தனி மென்பொருள்கள் இருக்கின்றன. பள்ளிக் கணிப்பான்களிலும் காரணிப்படுத்தும் விசை உண்டு என்றாலும், அவற்றின் திரை பெரும்பாலும் பத்து இலக்கத்தோடு நின்றுவிடும். லிசே என்னும் மேல்நிலைப் பள்ளியில் கற்றுத் தரும் பைத்தான் நிரல்மொழி எவ்வளவு பெரிய முழு எண்ணையும் தாங்கும். ஆனால் காரணிப்படுத்துவதற்கான நிரலை மாணவரே எழுத வேண்டும். அப்படி எழுதிப் பார்ப்பதும் நல்ல பயிற்சிதான் என்பதால், ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று என்று நான் சொல்ல மாட்டேன்.

ரீயூனியனில் எல்லாருடைய பையிலும் இருக்கும் ஒரு பெரிய எண்ணையும் இதில் ஆராயலாம். மருத்துவக் காப்பீட்டு அட்டையான கார்த் வித்தாலில் அச்சிட்டிருக்கும் 13 இலக்கக் காப்பீட்டு எண்ணைச் சொல்கிறேன். ஆண் பெண் குறி, பிறந்த ஆண்டு, மாதம், பிறந்த ஊரின் ஐந்து இலக்கக் குறியீடு, வரிசை எண் என்று அது அமைந்திருக்கும். சேன்த் ஆந்த்ரேயில் பிறந்தவருக்கு நடுவில் 97409 வரும், சேன் தெனியில் பிறந்தவருக்கு 97411. கடைசியில் இரண்டு இலக்கச் சாவி ஒன்று உண்டு. 13 இலக்க எண்ணை 97-ஆல் வகுத்து வரும் மீதியை 97-இலிருந்து கழித்தால் சாவி கிடைக்கும். கையால் செய்வதும் எளிது: 100-ஐ 97-ஆல் வகுத்தால் மீதி 3 என்பதால், இடப்பக்கத்தின் முதல் இலக்கத்தைத் தனியே எடுத்துக்கொண்டு, மற்றவற்றை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் கையிலுள்ள மீதியை மூன்றால் பெருக்கி அடுத்த இரண்டு இலக்கத்தைக் கூட்டிக்கொண்டே வரலாம். பிள்ளைகள் வீட்டிலேயே தங்கள் அட்டையை வைத்து இப்படிக் கணக்கிட்டு, ஜிபியின் 'மாட்' கட்டளையில் சரிபார்க்கிறார்கள். எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்துவிடுவேன்.

97-ஐ ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வியில்தான் பாடம் சுவை கொள்கிறது. ஓர் இலக்கம் தவறாகப் பதிவானால் எண்ணில் ஏற்படும் வேறுபாடு, 9-க்கு மிகாத ஓர் எண்ணைப் பத்தின் ஓர் அடுக்கால் பெருக்கியது. 97 பகா எண் என்பதால் அதை ஒருபோதும் வகுக்காது. ஆகவே தவறு கட்டாயம் வெளிப்படும். இரண்டு இலக்கங்கள் இடம் மாறிப் போனால்? பத்தின் அடுக்குகளை 97-ஆல் வகுத்து வரும் மீதிகள் எத்தனை அடுக்குக்கு ஒருமுறை திரும்பி வருகின்றன என்று 'இசட்என்ஆர்டர்' கட்டளையைக் கேட்டால் 96 என்று பதில் வரும். பதின்மூன்றே இலக்கங்கள் உள்ள எண்ணில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 96 இடைவெளி வராது. எனவே வெவ்வேறான எந்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் சாவி காட்டிக்கொடுத்துவிடும். இந்த 96-க்குப் பின்னால் உள்ள ஃபெர்மாவின் சிறு தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதியபோது ஈடுபாடு காட்டாத பிள்ளைகள்கூட இதைக் கேட்டபின் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கட்டளைகளும் உதவிக் குறிப்புகளும் பிழைச் செய்திகளும் ஆங்கிலத்தில் உள்ளன. பிரெஞ்சில் படிக்கும், வீட்டில் கிரெயோல் பேசும், தமிழைக் கோயில் வகுப்பில் கற்கும் நம் பிள்ளைகளுக்கு அது நான்காவது மொழி. அதனால் இருபது கட்டளைகளைத் தமிழ் விளக்கத்துடன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது போதுமானதாக இருக்கிறது. கட்டளையின் பெயருக்கு முன்னால் கேள்விக்குறி போட்டால் விளக்கம் வரும் என்பதை முதல் நாளே சொல்லித் தர வேண்டும். அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனாலும் வரும் பிழைச் செய்தி தொடக்கநிலையினருக்குப் புரியும்படி இல்லை. நினைவகம் போதவில்லை என்று அது சொல்லும்போது, 'பாரிசைஸ்மேக்ஸ்' என்ற அமைப்பின் அளவைக் கூட்ட வேண்டும் என்பது கையேட்டைத் தேடிப் படித்தால்தான் தெரியவரும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்குக் காகிதமும் பென்சிலுமே நல்லது.

நிறுவுவதற்கு முன் பார்த்துக்கொள்ள விரும்புபவர்கள், பொர்தோ பல்கலைக்கழகத்தின் பாரி தளத்தில் உலாவியிலேயே இயங்கும் வடிவத்தைத் திறந்து 'ஃபேக்டர்' கட்டளையைத் தட்டிப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு கைபேசிக்குப் 'பாரிட்ராய்டு' என்ற செயலி இருக்கிறது. அடைப்புக்குறிகளைக் கைபேசியில் தட்டுவது சலிப்பூட்டும் என்பதால் தொடர்ந்து வேலை செய்ய அது ஏற்றதன்று. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் நிறுவ முடிகிறது. நிறுவிய பின் இணையமே தேவைப்படாது. 2024 ஜனவரியில் பெலால் புயலும் 2025 பிப்ரவரி இறுதியில் காரான்ஸ் புயலும் இத்தீவைத் தாக்கியபோது மின்சாரமும் இணையமும் இல்லாமல் இருந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். புயல் பருவம் நவம்பரில் தொடங்குகிறது. அதற்கு முன்பே மடிக்கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.